விசில் அடிக்கிற வரைக்கும்

பழனிக்குமார் பிளெக்ஸ் பேனர் மாதிரியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நகரக் கலை மன்றத்துக்குச் செயலாளர் அவன். திண்டுக்கல்லில் கொஞ்சம் பெயர் தெரிந்த ஆள் யார் செத்தாலும் அவனுக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிடும். என் புருஷன் உடையப்பன் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, கல்யாண மண்டபத்தில் நினைவு விழா எடுக்கிறோம் என்று சொல்லிப் பேனரை விரித்துக் காட்டினான்.

'பிச்சைத் தட்டிலிருந்து பாப் மேடைக்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே வெள்ளிக் கலர் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக என் புருஷன். அவருக்குப் பிடிக்காத சட்டை அது.

"எந்தத் தட்டு தம்பி?" என்று கேட்டேன்.

"என்னக்கா?"

"பிச்சைத் தட்டுன்னு போட்டிருக்கியே. எவர்சில்வரா, அலுமினியமா? நீ பாத்தியா அந்தத் தட்டை?"

"அது ஒரு இதுக்குப் போட்டதுக்கா. சனங்களுக்குப் பிடிக்கும்ல."

"சனங்களுக்குப் பிடிக்கும்னா எங்க வீட்டுக்காரரப் பிச்சைக்காரராக்கிருவியா? ஒரு நாளு, ஒரு பஸ்ல, ஒரு ஆளுகிட்ட அவரு கை நீட்டுனதைப் பாத்தவன எங்கிட்டக் கூட்டிட்டு வா."

அவன் பேனரைச் சுருட்டினான். முகம் சுருங்கவில்லை; கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அதெல்லாம் சுருங்காது. சென்னையிலிருந்து கேசட் கம்பெனி மேனேஜர் வருகிறார், டிவி நிகழ்ச்சியில் அண்ணன் பாடியதைப் பெரிய திரையில் போடுகிறோம், கடைசியில் நீங்கள் அவருடைய ஹிட் பாட்டை மூன்று நிமிஷம் பாட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"டிவியில பாடுனதப் போடாத," என்றேன்.

"அது இல்லாமக் கூட்டம் வராதுக்கா. அதைத்தானே எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க."

அவன் சொன்னது நிஜம். அதுதான் என் வயிற்றெரிச்சல். பதிமூன்று வருஷம் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் பாடிய மனிதனை, டிவியில் நிறுத்தத் தெரியாமல் பாடிய கோமாளியாகத்தான் ஊர் வைத்திருந்தது. மண்டபத்தில் அந்தப் படத்தைப் போடுவார்கள், சிரிப்பார்கள், கேசரி தின்றுவிட்டு எழுந்து போவார்கள். அதற்குப் பிறகு என் புருஷன் பெயர் அந்தச் சிரிப்பாகவே நின்றுவிடும். போகாமல் இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். போகாவிட்டாலும் போடத்தான் போகிறார்கள். பதில் சொல்ல ஆள்தான் இருக்காது. வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் எப்படிப் பாடினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலம். வானம் பார்த்த பூமி என்பார்கள். நாங்கள் வானத்தைப் பார்த்தோம், வானம்தான் எங்களைப் பார்க்கவில்லை. தொண்ணூற்று நாலில் சோளம் முளைக்காமலே காய்ந்ததும் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டோம். நான் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்றேன். அவர் மூட்டை தூக்கினார். மூட்டை தூக்கும்போதே பாடுவார். கொஞ்ச நாளில் மூட்டை போய்ப் பாட்டு மட்டும் மிஞ்சியது.

வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. ஒர்க் ஷாப்பில் கிடந்த இரண்டு இரும்பு வாஷரை வலது கை விரல்களில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்வார். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டினால் அதுதான் தாளம். எந்த பஸ் நிற்கிறதோ அந்த பஸ் போகிற ஊர்களெல்லாம் பாட்டில் வரும். பழனி பஸ் என்றால் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று வரிசையாக வரும். எங்கள் ஊர் பஸ்ஸுக்குப் பாடுவது இது:

ஏறுங்க ஏறுங்க எரியோடு போறவுக
எடம் போட்டு வச்சிருக்கேன் சன்னலோரம் வாரவுக
கோயிலூரு வந்தாக்கா கொஞ்சம் என்னை எழுப்புங்க
குஜிலியம் பாறையில மழை பேஞ்சா சொல்லுங்க

கடைசி வரி அலங்காரத்துக்குப் போட்டதல்ல. நிஜமாகவே கேட்பார். மறுநாள் அந்த பஸ்ஸில் திரும்பி வருகிற பெண்கள் இறங்கும்போதே, "உடையப்பா, ராத்திரி ரெண்டு தூத்தல் விழுந்துச்சுப்பா," என்றோ, "எங்கிட்டுப் பேயுது, புழுதிதேன் பறக்குது," என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள்.

பஸ் ஸ்டாண்டில் பாடுவதற்கு ஒரு முறை இருந்தது. பஸ் தன் இடத்தில் வந்து நின்றதும் பாட்டு ஆரம்பிக்கும். கண்டக்டர் இரட்டை விசில் அடித்ததும் நிற்கும். சொல் பாதியில் இருந்தாலும் சரி, விசில் விழுந்தால் வாயை மூடிவிட வேண்டும். விசில் விழாமல் மூடக் கூடாது. ஒரு தடவை இருமல் வந்து முன்னாலேயே நிறுத்திவிட்டார். அந்த பஸ் எரியோட்டுக்கு இந்தப் பக்கமே ஆக்சில் உடைந்து நின்றது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு எந்தக் கண்டக்டரும் அவரைப் பாதியில் நிறுத்த விட்டதில்லை. டிரைவர் டீக்கடையில் நின்றுவிட்டால் கண்டக்டர் படியில் நின்றபடி ஆள்காட்டி விரலைத் தூக்கிச் சுழற்றுவார். இன்னொரு சுற்று பாடு என்று அர்த்தம். பாட்டில் சரக்குத் தீர்ந்தால் பஸ்ஸில் இருக்கிறவர்களையே உள்ளே இழுத்துவிடுவார். வெள்ளரிப்பிஞ்சு கடிக்கிற அத்தை, சன்னலுக்குச் சண்டை போடுகிற சித்தப்பா எல்லாரும் பாட்டில் வந்துபோவார்கள்.

கொடுக்க நினைக்கிறவர்கள் டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரிடம் சேர்த்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் கண்டக்டர்கள் அவரிடம் தருவார்கள். எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் அப்துல் வாஹித் பேகம்பூர்க்காரர். அவர் கொடுக்கும்போது, "இந்தா உடையப்பா, உன் சம்பளம்," என்றுதான் சொல்வார். இதில் தட்டு எங்கே இருக்கிறது?

இரண்டாயிரத்து ஒன்றில் சென்னை கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் பழனிக்கு மொட்டை போடப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் அவர் பாடியதைக் கேட்டார். அடுத்த மாதம் எங்களைக் கூட்டிப்போனார்கள். உடையப்பன் என்ற பெயர் போஸ்டருக்குச் சரிப்படாது என்று 'யூ.டி.' ஆக்கினார்கள். கேசட் வந்ததும் இங்கே பாதிப் பேர், தாலுகா ஆபீசில் யூ.டி. கிளார்க் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார்கள். பாட்டைப் படம் பிடிக்கிற இடத்தில், கடற்கரையில் ஒரு பஸ்ஸை நிறுத்தி, சுற்றிப் பெண்பிள்ளைகளை ஆடவிட்டார்கள். பஸ்ஸுக்கு ஊர்ப் பலகை இல்லை. இவர் கம்பெனி மேனேஜரிடம் போய், "ஏங்க, இது எந்த ஊரு பஸ்ஸுங்க?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். எந்த ஊர் என்று தெரியாமல் இவர் எந்த ஊரைப் பாடுவது?

பாட்டைப் பதிவு பண்ணும்போதே கடைசி வரியை எடுத்துவிட்டார்கள். குஜிலியம்பாறை யாருக்குத் தெரியும், சிங்கப்பூரில் விற்க வேண்டாமா என்றார்கள். 'கொஞ்சுகிற கண்ணால காதல் மழை பொழியுங்க' என்று ஒரு வரியைச் செருகினார்கள். அவர் பாடிக் கொடுத்தார். கம்பெனி சோறு தின்கிறோம், அவர்கள் சொல்கிறதைப் பாடத்தானே வேண்டும். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

கேசட் வந்து நாலு மாதம் பாட்டு எங்கே திரும்பினாலும் கேட்டது. மினி பஸ்ஸில், டீக்கடையில், காதுகுத்து மைக் செட்டில். அவரைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நானும்தான் போட்டோவுக்கு நின்றேன்.

பிறகு பொங்கலுக்கு டிவியில் நேரடி நிகழ்ச்சி. நான் மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேடையில் பஸ் மாதிரி ஒரு தகரச் செட்டு. தகரத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை ஊறிவிட்டது. கம்பெனி பாட்டை ஒரு தரம் பாடி முடித்தார். கைதட்டினார்கள். ஆனால் யாரும் விசில் அடிக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் காதில் மிஷின் மாட்டியிருந்த ஒருவன் ஆள்காட்டி விரலைத் தூக்கிச் சுழற்றினான். முடி, முடி என்று அவன் பாஷையில் அர்த்தமாம். எங்கள் பாஷையில் என்ன அர்த்தம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இன்னொரு சுற்று கேட்கிறார்கள்! எரியோட்டில் ஆரம்பித்தார். அவன் வேகமாகச் சுழற்றினான். இவர் வேகமாகப் பாடினார். நிகழ்ச்சி நடத்துகிற பெண் நன்றி நன்றி என்று மைக்கை நீட்டினாள். அவளையும் பாட்டில் சேர்த்து, சன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார். அவன் இரண்டு கையையும் சுழற்றினான். இவர் கம்பெனி வரியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் வரிக்கு வந்தார். 'குஜிலியம் பாறையில' என்று இழுத்தபோது பல்பொடி விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அந்த நாலு நிமிஷத்தை வைத்து அந்த வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். வேறு சேனலில் ஒருவன் வெள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு கையைச் சுழற்றிச் சுழற்றிப் பாடிக் காட்டினான். கட்டுப்பாடு இல்லாத ஆள் என்று கம்பெனி கைகழுவியது. இரண்டாவது கேசட் வரவே இல்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று இங்கேயே, அவர் பாட்டைக் கேட்டு பஸ் ஏறினவர்களே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஊருக்குத் திரும்புகிற வழியில் அவரிடம் கோபமாகக் கேட்டேன். "அவிய்ங்க நிறுத்தச் சொல்றது தெரியலையா மாமா?"

"யாரும் விசில் அடிக்கலையேத்தா," என்றார். "நான் எப்புடி நிறுத்துறது?"

வந்த மறுநாளே வாஷரை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் வேண்டாம் என்று அழுதேன். ஒரு வாரம் கழித்துப் போகலாம், பேச்சு அடங்கட்டும் என்றேன். "நான் என்ன களவாண்டேனா?" என்று கேட்டார். எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. தகரத்தில் தட்டி ஆரம்பித்தார். பஸ்ஸுக்குள் சிலர் கையைச் சுழற்றிக் காட்டிச் சிரித்தார்கள். அவர்களையும் பாட்டில் சேர்த்துக்கொண்டார். வாஹித் அண்ணன் படியில் ஏறி நின்று, நேரம் வந்ததும் கன்னம் உப்ப இரட்டை விசில் அடித்தார். இவர் டக்கென்று வாயை மூடினார். நிறுத்தத் தெரியாத ஆளாம். அதற்குப் பிறகும் ஐந்து வருஷத்துக்கு மேல் பாடினார். மஞ்சள் காமாலை வந்து படுத்த பிறகுதான் நின்றது.

சாவு வீட்டுக்கு வாஹித் அண்ணன் வந்திருந்தார். அப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். தூக்குகிற நேரம் சட்டைப் பையில் கைவிட்டபடி என்னிடம், "விசில் அடிச்சு அனுப்பி வைக்கட்டுமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"வேணாம்ண்ணே. அடிச்சா பாட்டு முடிஞ்சுபோகும்," என்றேன். அவர் அடிக்கவில்லை.

இப்போது விழாவுக்கு வருகிறேன். ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மண்டபம் நிரம்பிவிட்டது. பேனரில் தட்டு போயிருந்தது. 'தெருவிலிருந்து பாப் மேடைக்கு' என்று மாற்றியிருந்தான். தெரு என்றால் சரி, நின்ற இடம்தானே. கம்பெனி மேனேஜர் மாலையும் சால்வையுமாகப் பேசினார். நாங்கள்தான் கண்டெடுத்தோம், வைரத்தைப் பட்டை தீட்டினோம், பாவம், புகழைத் தாங்கத் தெரியவில்லை என்றார். ஒரு வார்த்தை, குஜிலியம்பாறை வரியை எடுத்தது நாங்கள்தான் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

விளக்கை அணைத்துத் திரையில் படத்தைப் போட்டார்கள். அவர் முகத்தை அத்தனை பெரிதாக நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. கேமராக்காரன் பக்கத்து ஆளின் சுழலும் விரல் திரை ஓரத்தில் தெரிந்ததும் சிரிப்பு ஆரம்பித்தது. விரலின் வேகம் ஏற ஏறச் சிரிப்பும் ஏறியது. பல்பொடி விளம்பரம் வந்தபோது முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். வாஹித் அண்ணன் மட்டும் மடியில் கை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

விளக்குப் போட்டதும் பழனிக்குமார் என்னைக் கூப்பிட்டான். "மூணே நிமிஷம்க்கா. கேசட்ல உள்ளபடி," என்று காதில் சொன்னான்.

இடுப்பில் செருகியிருந்த வாஷர்களை எடுத்து விரலில் மாட்டினேன். மேடையிலிருந்த இரும்பு நாற்காலி ஒன்றை மடக்கி மேஜையில் சாய்த்தேன். அதன் முதுகுத் தகரத்தில் தட்டிப் பார்த்தேன். பஸ் தகரம் அளவுக்கு இல்லை, ஆனாலும் பேசியது.

"இப்ப எல்லாரும் சிரிச்சீங்க," என்றேன் மைக்கில். "எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டை நிறுத்தத் தெரியலைன்னு சிரிச்சீங்க. இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல விசில் அடிக்காம பாட்டு நிக்குமா? கையச் சுத்துனா என்னா அர்த்தம்? அது மெட்ராஸ்காரனுக்குத் தெரியாது, சரி. உங்களுக்கு எங்கய்யா போச்சு புத்தி?"

தட்ட ஆரம்பித்தேன். எரியோட்டைப் பாடினேன். கோயிலூரைப் பாடினேன். கம்பெனி வரி வர வேண்டிய இடத்தில் மேனேஜர் தலையாட்டத் தயாராக இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே, 'குஜிலியம் பாறையில மழை பேஞ்சா சொல்லுங்க' என்று முழுசாகப் பாடினேன். ஆறு வருஷம் முன்னால் பல்பொடி தின்றுவிட்ட வரி.

பின்னாலிருந்து ஒரு அம்மாள் குரல் வந்தது. "முந்தாநேத்து பேஞ்சிச்சு ஆத்தா! கம்மாயில முழங்கால் தண்ணி நிக்கிது!"

மண்டபம் சிரித்தது. இது வேறு சிரிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. அந்த அம்மாளைப் பாட்டில் சேர்த்தேன், அவள் கம்மாயைச் சேர்த்தேன். பழனி பஸ்ஸுக்கு மாறினேன். ரெட்டியார்சத்திரத்தில் நாலு பேர் கை தூக்கினார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு வரிசையே எழுந்தது. "ஏனுங்க, நெய்க்காரப்பட்டிய உட்டுட்டீங்களே!" என்று ஒருவர் கத்தினார். அதையும் சேர்த்தேன். முன் வரிசையில் கண்ணைத் துடைத்துச் சிரித்த ஆள் பாலசமுத்திரம் என்றார். அவரையும் விடவில்லை. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் இடம் போடுவது பாட்டின் முறை.

பழனிக்குமார் மேடை ஓரத்தில் நின்று கடிகாரத்தைக் காட்டினான். பிறகு, பாவம், தன்னை மறந்து ஆள்காட்டி விரலைத் தூக்கிச் சுழற்றினான்.

மண்டபமே எழுந்து கத்தியது. "இன்னொரு சுத்து! இன்னொரு சுத்து!"

அவன் விரலைப் பின்னால் ஒளித்துக்கொண்டான். மைக்கை அணைக்கச் சொன்னான். அணைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் எந்த மைக் இருந்தது? ஒரு கட்டை ஏற்றிப் பாடினேன். கூட்டம் நாற்காலிகளில் தாளம் தட்டியது. கடைசியில் அவன் கீழே இறங்கி வாஹித் அண்ணனிடம் ஓடினான்.

"பாய், உங்ககிட்ட விசில் இருக்குல்ல? ஒண்ணு அடிங்க பாய். கெஸ்ட்டுக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

வாஹித் அண்ணன் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். அவர் அடித்தால் நான் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அது என் புருஷன் வைத்துவிட்டுப் போன முறை.

"பஸ் இன்னும் கெளம்பலையே தம்பி," என்றார் அவர். மெதுவாக எழுந்து, படி ஏறி மேடைக்கு வந்து, தட்டாமல் இருந்த என் இடது கையைப் பிடித்து உள்ளங்கையில் விசிலை வைத்து மூடினார்.

மேனேஜர் சால்வையை மடித்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். நான் விசிலை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸைப் பாட ஆரம்பித்தேன்.